வெளுத்துப்போன பைக் பாகங்கள்: முதலில் நனைத்துப் பாருங்கள்

பைக்கைக் கழுவும்போது இதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் பட்டதும் கறுப்பு மட்கார்டு புதிதுபோல அடர்கறுப்பாகத் தெரியும். துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பழையபடி சாம்பல் பூத்து நிற்கும். "கழுவினால்கூடப் போகவில்லையே" என்று அலுத்துக்கொண்டு, கையில் கிடைத்த பளபளப்பு ஸ்பிரே எதையாவது அடித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வண்டி நமக்கு நல்ல செய்தி ஒன்றைச் சொல்லியிருக்கிறது: நிறம் உள்ளே இன்னும் இருக்கிறது, மேல்தோல்தான் கெட்டிருக்கிறது.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் பொடியும் அங்கே சேர்கின்றன. அந்தச் சொரசொரப்பில் படும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் கறுப்பு வெளிறித் தெரிகிறது. தண்ணீர் பள்ளங்களை நிரப்பியதும் பரப்பு சமமாகி, அடியில் இருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கிறது. பெயிண்ட் மங்குவதிலும் பாதிக் கதை இதுதான். மீதிப் பாதி, நிறமியே வெயிலில் சிதைந்துபோவது. அப்படிப் போன இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறம் திரும்பாது.

எதைத் தடவலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், நிறம் மறைந்திருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மறைந்த நிறத்தை மீட்கலாம். போன நிறத்தைப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். அது பெயிண்ட்டாக இருக்கலாம், ஸ்டிக்கராக இருக்கலாம், புதுப் பாகமாகவும் இருக்கலாம்.

முதல் நாள் வேலை

முதல் நாள் எதையும் தேய்க்க வேண்டாம். கழுவிப் பார்த்தால் போதும்.

1. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, நிழலில் நிறுத்தி, வாகன ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்போ சலவைத் தூளோ வேண்டாம். அவற்றில் உள்ள காரம் அலுமினியத்துக்கும், அனடைஸ் செய்த (மேற்பரப்பில் சாயம் ஏற்றிய அலுமினிய) பாகங்களுக்கும் ஆகாது.

2. செயினைச் சுற்றித் தெறித்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். மங்கல் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வெறும் அழுக்குதான்.

3. ஒவ்வொரு பாகத்தையும் நனைத்துப் பாருங்கள், பிறகு காய்ந்ததும் பாருங்கள். நனைந்தபோது நிறம் திரும்பினால் அதை மீட்கலாம். நனைந்தும் வெளிறியே இருந்தால் நிறமி போய்விட்டது. உரிந்த தோல்போல ஓரம் தெரியும் திட்டுகள் இருந்தால் மேல்பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது.

4. கழற்ற முடிந்த பேனல்களின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். வெயிலே படாத அந்தப் பக்கம்தான் அசல் நிறம். என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதும் பல பாகங்களில் அங்கேதான் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பிபி (PP) என்றால் பாலிபுரோப்பிலீன். இன்னொரு வகைப் பிளாஸ்டிக் ஏபிஎஸ் (ABS); பிரேக்கில் சொல்லும் ஏபிஎஸ் அல்ல. இது பிறகு உதவும்.

கறுப்புப் பிளாஸ்டிக்

பெயிண்ட் அடிக்காத, சொரசொரப்பான கறுப்புப் பாகங்கள்தான் முதலில் வெளுக்கும்: பின் மட்கார்டு, கண்ணாடிக் கூடு, டேங்குக்குக் கீழே உள்ள ஓரப் பட்டைகள். இவற்றுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

முதலாவது, சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவம். தண்ணீர் செய்த அதே வேலையைத்தான் இது கொஞ்சம் நீண்ட நாளுக்குச் செய்கிறது. இரண்டு மழையில் போய்விடும், அதுவரை தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிலிக்கோன் பட்ட பரப்பில் பின்னால் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டிப் பள்ளங்களாக விலகி நிற்கும். பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கோனை அந்தப் பாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சூட்டில் மேல்தோல் லேசாக இளகிச் சமமாவதால் கறுப்பு கண்ணெதிரே திரும்பும். வீடியோவில் பார்க்க அதிசயமாக இருக்கும். நான் புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே இடத்தில் இரண்டு விநாடி அதிகம் காட்டினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், மேலே உள்ள பொடிப்பொடியான அச்சு வடிவம் வழுக்கையாகிவிடும், அதை மறுபடி கொண்டுவர வழியே இல்லை. அப்படியே சரியாகச் செய்தாலும், கெட்ட தோல் மாறாததால் சில மாதங்களில் வெளுப்பு திரும்பிவிடும். கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிகளின் பிளாஸ்டிக் மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுமே, அதைப் போக்க மிதமான சூடு நன்றாக உதவும். அது மடிப்பால் வந்த வெளுப்பு, வெயிலால் வந்ததல்ல.

மூன்றாவது, டிரிம் ரெஸ்டோரர், அதாவது தடவினால் காய்ந்து படலமாக இறுகி நிறத்தை மீட்கும் திரவம். கறுப்புச் சாயம் கலந்தவையும் செராமிக் வகையும் இதில் வரும். நான் இதைத்தான் சொல்வேன். நீடிக்கிறதா இல்லையா என்பது நீங்கள் பாகத்தை எவ்வளவு சுத்தம் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பல்துலக்கியால் சொரசொரப்புக்குள் இருக்கும் பொடியைத் தேய்த்து எடுங்கள். கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறப் பொடி வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பெயிண்ட் மீது மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பஞ்சுத் துண்டில் சில துளி எடுத்து மெலிதாகத் தடவி, டப்பாவில் சொன்ன நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள். கெட்டியாக ஒரு பூச்சைவிட மெலிதாக இரண்டு பூச்சு மேல்.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் அந்த அச்செழுத்து நினைவிருக்கட்டும். ஏபிஎஸ்ஸில் பெயிண்ட் எளிதாகப் பிடிக்கும். பாலிபுரோப்பிலீனில் அதற்கென்று உள்ள ஒட்டு பிரைமர் இல்லாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும்.

டேங்கும் பேனல்களும்

சிவப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பக்கத்து வீட்டுக் கறுப்பு வண்டி அப்படியே இருக்கும், நம்முடையது ரோஜா நிறத்துக்கு வந்திருக்கும். சிவப்பு, ஒளியில் ஆற்றல் மிகுந்த நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிக்கொள்கிறது. பெரும்பாலான அடர்சிவப்பு நிறமிகள் கரிமச் சேர்மங்கள், அவை அந்த ஆற்றலில் உடைகின்றன. கறுப்பில் உள்ள கார்பனும் வெள்ளையில் உள்ள டைட்டானியம் டையாக்ஸைடும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

முதலில் உங்கள் வண்டியில் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே அடித்த நிறமற்ற பூச்சு, இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. ஒற்றைப் பூச்சில் நிறம் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செத்த மேல்தோல்தான் வருகிறது.

பாலிஷ் போடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். பேனல் கையில் குளிர்ச்சியாகப் பட வேண்டும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும், எனவே அங்கே டேப் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் வெளியே ஒட்டப்பட்டதாக இருந்தால் அதன் ஓரத்திலும் ஒட்டுங்கள். இரண்டு கை அகலம் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிக மென்மையான பாலிஷில் தொடங்கி, நேர்கோட்டில் முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு குறுக்காக. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, பக்கத்தில் தொடாத இடத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால்தான் அடுத்த வலுவான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். கடைசியில் வாக்ஸோ சீலன்ட்டோ கட்டாயம் போடுங்கள். புதிதாகத் திறந்த தோல் அது. மூடாமல் விட்டால் சீக்கிரமே மறுபடி மங்கும்.

கிளியர் கோட்டின் கனம் ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் தின்கிறது. மாதாமாதம் ரப்பிங் காம்பவுண்டு போட்டு வண்டியைப் பார்த்துக்கொள்வதாக நினைப்பவர்கள் அதன் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மென்மையான பாலிஷ், இடையில் வாக்ஸ் மட்டும் போதும்.

வெள்ளைத் திட்டாகக் கிளியர் கோட் உரியத் தொடங்கிவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. தேய்க்கத் தேய்க்க ஓரம்தான் பெரிதாகும். அந்தப் பேனலை உப்புத்தாளால் தேய்த்து, நிறமும் கிளியரும் புதிதாக அடிக்க வேண்டும். பெட்ரோல் தாங்கும் கிளியர் என்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர்தான், டேங்குக்கு அதுதான் வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது, துணி முகமூடியோ தூசி முகமூடியோ தடுக்காது. வீட்டு வாசலில் நீங்களே அடிக்காதீர்கள். தேய்த்துத் தயார் செய்வதுவரை நீங்கள் பார்த்துக்கொண்டு, அடிப்பதைக் காற்று வசதியுள்ள பெயிண்ட் பட்டறையிடம் விடுங்கள். நிறக் குறியீட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், பக்கத்துப் பேனலையும் கொண்டுபோங்கள். குறியீடு சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம், உங்கள் வண்டியில் இப்போது இருப்பது வேறு. புதுப் பேனல் வாங்கி மாட்டும்போதும் இதே பிரச்சினை வரும். ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தையும் மாற்றுங்கள், இல்லையென்றால் வண்டி இரண்டு நிறமாக நிற்கும்.

மேட் பெயிண்டுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. மேட் என்பதே ஒளியைச் சிதறடிக்கும் சொரசொரப்புதான். பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் நிரந்தரமாகப் பளபளக்கும். ஷாம்புவும் மேட்டுக்கென்றே உள்ள சீலன்ட்டும் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

வெளுத்த ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, ஓரத்திலிருந்து படுக்கை வாட்டத்தில் மெதுவாக இழுங்கள். மிச்சப் பசையை ஆல்கஹாலால் எடுத்துவிடலாம். என் பழைய வண்டியில் ஸ்டிக்கரை எடுத்தபோது அதன் வடிவம் அப்படியே அடர்சிவப்பில் டேங்கில் தெரிந்தது. மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்ததால் வந்த நிழல் அது. பாலிஷ் அதைக் குறைத்தது, போக்கவில்லை. கடைசியில் அதே வடிவப் புது ஸ்டிக்கரை வாங்கி அதே இடத்தில் ஒட்டினேன். எடுக்கும் முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

மஞ்சளான ஹெட்லைட்

பழைய வண்டிகளின் கண்ணாடி ஹெட்லைட் மஞ்சளாகாது. பாலிகார்பனேட் ஹெட்லைட்தான் மஞ்சளாகும். அதன் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு வெயிலில் சிதைவதே காரணம். இதில் அழகு இரண்டாம்பட்சம். இரவில் வெளிச்சம் குறைகிறது, எதிரே வருபவருக்குக் கூசுகிறது.

சுற்றிலும் இரட்டை டேப் ஒட்டுங்கள். 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, மஞ்சள் முழுதும் போகும்வரை ஒரே திசையில் தேயுங்கள். முதலில் மஞ்சள் பால்போல வழியும், பிறகு வெள்ளையாக வழியும். வெள்ளையானால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். பிறகு 1500, 2000, 3000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நம்பரிலும் திசையைக் குறுக்காக மாற்றினால் முந்தைய கீறல்கள் போய்விட்டனவா என்பது தெரியும். இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் பனி படர்ந்ததுபோல் இருக்கும். கெடுத்துவிட்டோமோ என்று மனசு பதறும், பரவாயில்லை. பாலிஷ் போட்டதும் தெளிந்துவிடும்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல்முறை நிறுத்தினேன், சில மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளடித்தது. தேய்த்தபோது தொழிற்சாலைப் பூச்சை முழுதாக எடுத்துவிட்டோம், பாலிகார்பனேட் இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங்கை அன்றைக்கே போட வேண்டும். அது கையில் இல்லாமல் வாட்டர் பேப்பரை எடுக்காதீர்கள்.

முன்னால் உள்ள காற்றுத்தடுப்புக் கண்ணாடியில் (அதுவும் பிளாஸ்டிக்தான்) இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பார்வை கலங்கும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பெட்ரோலையும் அதில் படவிடாதீர்கள், மெல்லிய விரிசல்கள் ஓடும்.

உலோகம்: வெளுப்பதில்லை, நிறம் மாறுகிறது

இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் பெண்ட் பைப் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறுவதைப் பார்த்து, புது வண்டிக்காரர்கள் பதறிப்போகிறார்கள். சூட்டில் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் வளர்கிறது. படலத்தின் கனத்தைப் பொறுத்து அதில் தெரியும் நிறம் மாறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறத்தாழ 290 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சளாகும், 450 டிகிரியில் கரு ஊதாவாகும், 540 டிகிரியை ஒட்டி நீலமாகும். எனவே பைப்பின் நிறம் அது எவ்வளவு சூடு கண்டது என்பதற்கான சாட்சி.

இன்ஜினுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பொன்னிறமும் நீலமும் இயல்புதான். ஆனால் திடீரென்று நிறம் அடர்ந்தாலோ, இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒரு பைப் மட்டும் நீலமானாலோ, பாலிஷை ஓரமாக வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் உள்ள கலவை, தாமதமான இக்னிஷன் டைமிங், பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் வழியாகக் காற்றுக் கசிவு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அதைச் சரிசெய்யாமல் தேய்த்தால் அடுத்த நீண்ட பயணத்தில் நீலம் திரும்ப வரும்.

காரணம் சரியான பிறகு, ஆறிய பைப்பில் மெட்டல் பாலிஷ் போட்டால் ஸ்டெயின்லெஸ்ஸில் நிறம் போய்விடும். குரோம் பைப்புக்கு, நீலத்தை எடுப்பதற்கென்றே விற்கும் மென்மையான பாலிஷ் வேண்டும். இரும்பு நார் குரோமைக் கீறிவிடும். குரோமில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. வேலை முடிந்ததும் பைப் முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்து, விரல் ரேகை ஒன்றுகூட இல்லாமல் செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கைரேகையில் உள்ள எண்ணெய் சூட்டில் வெந்து பைப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

கறுப்பு பெயிண்ட் அடித்த சைலன்சர் சாம்பல் நிறமாகித் துரு பிடித்திருந்தால், துருவைத் தேய்த்து எடுத்து, 600 டிகிரி தாங்கும் ஹீட் பெயிண்டை மெலிதாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். அந்த வகை பெயிண்ட் சூட்டில்தான் இறுகும். டப்பாவில் சொல்லியபடி, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு ஆறவிடுவதைச் சில முறை செய்யுங்கள். முதல் தடவை புகையும் வாடையும் வரும். வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

அலுமினிய இன்ஜின் கவரில் மஞ்சள் திட்டும் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோன்ற கோடுகளும் இருந்தால், கெட்டது மேலே பூசிய லாக்கர் என்னும் நிறமற்ற வார்னிஷ். அடியில் அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. லாக்கரின் மேல் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே எட்டாது. பெயிண்ட் ரிமூவரால் லாக்கரை எடுத்து, அலுமினியத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி பூச வேண்டும். பூசாமல் பளபளப்பாக வைத்துக்கொள்ளவும் சிலர் விரும்புவார்கள். அழகாக இருக்கும், ஆனால் சில வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து தேய்க்க வேண்டும்.

அனடைஸ் செய்த லீவர், ஹேண்டில்பார் போன்றவற்றின் நிறம் அலுமினியத்தின் நுண்துளைகளுக்குள் ஏறிய சாயம். சிவப்பும் நீலமும் வெளுக்கும், கறுப்பு மெல்ல ஊதாவாகும். இது போன நிறம், மீட்க முடியாது. மெட்டல் பாலிஷ் போட்டால் இருக்கிற கொஞ்சமும் உரிந்து வெறும் அலுமினியம் வந்துவிடும். மறுபடி அனடைஸ் செய்யக் கொடுக்கலாம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

எதையும் தடவக் கூடாத இடங்கள்

சீட்டின் ரெக்சின் வெளுத்தால் பளபளப்புத் திரவம் தடவ ஆசை வரும். வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது முன்னே வழுக்குவீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் வழுக்குவார். ஈரத்துணியால் துடைத்து, பிசுக்கில்லாத வினைல் கண்டிஷனர் போதும். விரிசல் விட்டிருந்தால் சீட் கவரை மாற்றுங்கள். கிரிப், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், டயர், பிரேக் டிஸ்க் எதிலும் சிலிக்கோன் ஒரு துளிகூடப் படக் கூடாது. ஸ்பிரே வகை என்றால் வண்டியின் மேல் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். டயரின் பக்கச்சுவரில் தெரியும் பழுப்பு நிறம் நோய் இல்லை. ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காமல் காக்க அதில் கலந்த மருந்து வெளியே கசிகிறது. கழுவினால் போதும்.

இனி வெளுக்காமல் இருக்க

நிழல்தான் முதல் மருந்து. கவர் போடுவதாக இருந்தால் காற்றுப் போகும் துணி வகையை, இன்ஜின் ஆறிய பிறகு, தூசியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தூசியோடு போட்ட கவர் காற்றில் அசைந்து அசைந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். பறவை எச்சம் விழுந்தால் வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். பெட்ரோல் மூடியைச் சுற்றி வழிந்ததை அப்போதே துடையுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் பெயிண்ட் மேல் சிந்தினால் நிறைய தண்ணீரை உடனே ஊற்றுங்கள். அது தண்ணீரில் கரையும். தேய்த்துத் துடைத்தால் பரவி, பெயிண்டைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

தினமும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் வெயில் படும்படி நிறுத்த வேண்டிய நிலை இருந்தால், ஒரு நாள் முன்பக்கமாகவும் மறுநாள் பின்பக்கமாகவும் திருப்பி நிறுத்துங்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கும்.